கீரைக்குள் கொஞ்சம் பட்டர்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், பிரான்சில் வாழும் பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"நீங்கள் வாழும் நாட்டில் கற்றுக்கொண்டதில் எல்லோருக்கும் பயன்படும் ஒன்றைப் பேசுங்கள்" என்று விழாக் குழுவினர் எங்களைக் கேட்டார்கள். பிரான்ஸ் என்றதும் ஓவியத்தையோ வாசனைத் திரவியத்தையோ பற்றிப் பேசுவோம் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். நாங்கள் கீரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பிரெஞ்சுக்காரர் பரம்பரையாகக் கீரை சமைக்கும் முறைதான் இன்றைய பொருள். மனைப்பொருளியல் அறையில் மரத்தட்டும் கத்தியுமாக நின்று படித்த எமக்கு இது அந்நியமான விடயம் அல்ல.

ஏன் கீரை என்று முதலில் சொல்ல வேண்டும். 1980களில் பிரான்சுக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு இன்று அறுபது வயது கடந்துவிட்டது. பிள்ளைகள் படித்து, மணமுடித்து, வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். எங்களில் பலர் இப்போது ஒருவருக்கோ இருவருக்கோதான் சமைக்கிறோம். முருங்கையிலையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் விமானத்தில் ஏறிப் பாரிசின் லா ஷப்பல் பகுதித் தமிழ்க் கடைகளுக்கு வருகின்றன. வந்து சேரும்போது பாதி வாடியிருக்கும், விலையோ நிமிர்ந்து நிற்கும். புறநகரில் இருப்பவர் மாரிகாலத்தில் முழங்கால் நோவோடு ரயிலேறிப் போய் ஒரு பிடி கீரை வாங்கி வருவது எத்தனை நாளைக்கு நடக்கும்? ஆகவே கீரை இல்லாமலே வாரங்கள் போகின்றன. சோறு இருக்கிறது, பருப்பு இருக்கிறது, மீன்குழம்பு இருக்கிறது. பச்சை மட்டும் இல்லை.

ஆனால் அதே வேளை, எங்கள் வீதி முனையில் வாரத்தில் இரண்டு மூன்று நாள் சந்தை கூடுகிறது. அங்கே பச்சை இலைகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. "அது எங்கட கீரை இல்லை" என்று சொல்லிக்கொண்டு நாம் கடந்து போகிறோம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் மெல்பேர்ணிலும் இருக்கும் சகோதரிகளுக்கும் இது தெரிந்த கதையாகவே இருக்கும். அந்த இலைகளைக் கடந்து போகாமல் வாங்கி வரச் செய்வதுதான் இந்த உரையின் நோக்கம்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம். எங்கள் அம்மம்மாமார் சமையலறையைக் குசினி என்றார்கள். போர்த்துக்கேயர் எங்கள் கரையில் விட்டுப்போன சொல் அது. பிரெஞ்சுக்காரர் சமையலறையையும் சமையலையும் "குய்சின்" என்கிறார்கள். இரண்டு சொல்லுக்கும் மூலம் பழைய லத்தீன் மொழிதான். பாரிசுக்கு வந்த எங்கள் ஆண்கள் பலருக்கு முதலில் கிடைத்த வேலையும் உணவகங்களில் குசினி வேலையே. பாத்திரம் கழுவத் தொடங்கி, பிறகு மரக்கறி வெட்டி, பிறகு அடுப்பில் நின்று, தலைமைச் சமையற்காரர் ஆனவர்களும் உண்டு. பெட்டி பெட்டியாகக் கீரை கழுவி அவித்துப் பிழிந்த கைகள் அவை. வீட்டுக்கு வந்தால் அந்த வேலையைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை. நாற்பது வருட அறிவு உணவகத்தின் பின்கதவோடு நின்றுவிட்டது. இந்த உரைக்காக நாங்கள் கணவன்மாரையும் தம்பிமாரையும் கேட்டோம், மாடியில் வசிக்கும் பிரெஞ்சு மூதாட்டிகளைக் கேட்டோம், பழைய சமையல் நூல்களைப் புரட்டினோம், பிறகு ஒன்றாகக் கூடிச் சமைத்துப் பார்த்தோம்.

பிரெஞ்சுக் கீரைகளில் முதலிடம் "எப்பினார்" என்ற கீரைக்கு. ஆங்கிலத்தில் ஸ்பினாச் என்று நாம் அறிந்தது. அதன் பூர்வீகம் பாரசீகப் பக்கம். அராபியர் வழியாக ஸ்பெயினுக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் பரவியது. தவக்காலத்தில் இறைச்சி தவிர்க்கும் நாட்களுக்கு அது ஏற்ற உணவாயிற்று. தாவரவியல்படி அது நமது முளைக்கீரையும் தண்டுக்கீரையும் சேர்ந்த அதே குடும்பம். பீற்றூட்டும் அந்தக் குடும்பமே. அந்நியக் கீரை என்று நாம் கடந்து போகும் இலை, உண்மையில் எங்கள் வளவுக் கீரையின் ஒன்றுவிட்ட சகோதரி.

பழைய காலத்தில் பிரெஞ்சுப் பெரிய வீடுகளின் சமையலிலும் இஞ்சி, கறுவா, கராம்பு எல்லாம் தாராளமாகச் சேர்ந்தன. 17ஆம் நூற்றாண்டில் அந்தச் சுவை மாறியது. லா வரென் என்ற சமையற்காரர் 1651இல் வெளியிட்ட நூல் அந்த மாற்றத்தின் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. வாசனைப் பொருட்கள் குறைந்தன. பட்டரும் பச்சை மூலிகைகளும் முன்னுக்கு வந்தன. மரக்கறி தன் சொந்த ருசியில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் வளர்ந்தது. 14ஆம் லூயி மன்னனுக்காக 1678க்கும் 1683க்கும் இடையில் வெர்சாய் அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மரக்கறித் தோட்டமே அமைக்கப்பட்டது. அதை அமைத்தவர் லா கின்தினி. அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். இவ்வளவு மாற்றத்துக்குப் பிறகும் எப்பினாரோடு ஒட்டிக்கொண்டு நின்ற வாசனைப் பொருள் ஒன்று உண்டு. அது சாதிக்காய். எங்கள் மலைநாட்டிலும் விளைகிற சாதிக்காயைத் துருவிப் போடாமல் பிரெஞ்சு மூதாட்டி கீரையை இறக்கமாட்டார்.

இனி முறைக்கு வருவோம். எங்கள் வீட்டில் கீரை ஒரே சட்டியில் தொடங்கி அதே சட்டியில் முடியும். பிரெஞ்சு முறையில் கீரைக்கு இரண்டு அடுப்பு. முதல் அடுப்பில் நீர், இரண்டாம் அடுப்பில் பட்டர். முதல் அடுப்பில் இலை பதப்படுகிறது. இரண்டாம் அடுப்பில்தான் அது கறியாகிறது. இந்த இரண்டையும் கலக்காமல் செய்வதே முறையின் உயிர். 1903இல் எஸ்கோஃபியே வெளியிட்ட சமையல் வழிகாட்டி நூலிலும், இன்று ஒரு சாதாரண வீட்டிலும் இந்த ஒழுங்கு மாறவில்லை.

நான்கு பேருக்கு 1 கிலோ எப்பினார் வேண்டும். அது அதிகம் என்று பயப்பட வேண்டாம். அவிந்தால் இரண்டு கைக்குள் அடங்கிவிடும். இலையை நெடுக்காக மடித்துப் பிடித்து, காம்பைக் கீழிருந்து மேலாக உரித்தால் நடுநரம்போடு வந்துவிடும். பிறகு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி இலையை அதில் அலைந்து, கையால் அள்ளி வெளியே எடுக்க வேண்டும். தண்ணீரைச் சரித்து ஊற்றினால் அடியில் தங்கிய மண் மறுபடியும் இலையில் ஏறிவிடும். இப்படி மூன்று தண்ணீர்.

பெரிய பானையில் 4 அல்லது 5 லீற்றர் நீரைக் கொதிக்க வைத்து, லீற்றருக்கு 10 கிராம் அளவில் உப்புப் போட வேண்டும். நீர் துள்ளிக் கொதிக்கும்போது இலையைப் போட்டு, மூடாமல் விட வேண்டும். இளம் இலைக்கு ஒரு நிமிடம், முற்றிய இலைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். உடனே வடித்து, குளிர்ந்த நீரில் போட வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் அளவு எடுத்து உருண்டையாக, நீர் சொட்டாமல் பிழிய வேண்டும். இப்படி அதிக நீரில் உப்பிட்டு அவிப்பதைப் பிரெஞ்சுக்காரர் "ஆங்கில முறை அவித்தல்" என்று சொல்கிறார்கள் என்பது ஒரு வேடிக்கை. தாங்கள் பெருமைப்படும் கீரையின் முதல் பாதிக்கு எதிர்க்கரை நாட்டின் பெயரை வைத்திருக்கிறார்கள்!

பிழிந்த உருண்டைகளைக் கத்தியால் கொத்திய பின் இரண்டாம் அடுப்பு. அடி கனமான தாச்சியில் 50 அல்லது 60 கிராம் பட்டரை உருக்கி, கீரையைப் போட்டு, மிச்ச ஈரம் போகும்வரை கிளற வேண்டும். அடியில் இலேசாக ஒட்டத் தொடங்குவது ஈரம் போனதற்கு அடையாளம். உப்பு, மிளகு, சாதிக்காய்த் துருவல் ஒரு சிட்டிகை. இப்படியே இறக்கினால் பட்டர்க் கீரை. கிறீம்க் கீரை வேண்டுமானால், ஈரம் போனபின் ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவைத் தூவி இரண்டு நிமிடம் கிளறி, 150 மில்லிலீற்றர் பாலோ கிறீமோ கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மெல்லிய நெருப்பில் பத்து நிமிடம் விட வேண்டும். இறக்கும்போது ஒரு சிறு துண்டு குளிர்ந்த பட்டரைப் போட்டுக் கலக்கினால் பளபளப்பு வரும். பட்டரில் பொரித்த பாண் துண்டுகளும் பாதியாக வெட்டிய அவித்த முட்டையும் மேலே வைப்பது பழைய வழக்கம். இறைச்சி அடுப்பில் வாட்டும்போது வடியும் சாறு இருந்தால், பாலுக்குப் பதிலாக அதை ஊற்றிச் செய்வதும் உண்டு. பிரெஞ்சு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அதற்குத் தனி மரியாதை.

இதைக் கேட்டவுடன் உங்களில் பலருடைய மனதில் ஒரு கேள்வி எழும் என்று எங்களுக்குத் தெரியும். மனைப்பொருளியல் வகுப்பில் நாம் படித்தது என்ன? "கீரையைக் கழுவிய பின் வெட்டு, வெட்டிய பின் கழுவாதே. கொஞ்ச நீரில் அவி. அவித்த நீரைக் கொட்டாதே." இங்கே ஐந்து லீற்றர் நீரில் அவித்து, அதைத் தொட்டிக்குள் ஊற்றச் சொல்கிறோம். எங்கள் ஆசிரியை கேட்டால் என்ன சொல்லுவா?

ஆசிரியை சொன்னது சரி. விற்றமின் சீயும் போலிக் அமிலமும் நீரில் கரைபவை. அதிக நீரில் அவித்துக் கொட்டினால் அவற்றில் ஒரு பங்கு நீரோடு போகும். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நீரோடு போவது இன்னொன்றும் உண்டு. எப்பினாரிலும் அதன் குடும்பத்துக் கீரைகளிலும் ஒட்சாலிக் அமிலம் அதிகம். அது கல்சியத்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கும். சிறுநீரகக் கல் உண்டாகும் இயல்புள்ளவர்களுக்கும் அது ஆகாது. கொதிநீரில் அவித்து வடித்தால் அதில் கணிசமான பகுதி குறைகிறது. வாயில் ஒருவகைக் கரகரப்பை உண்டாக்குவதும் அதுதான். கண்ணுக்கு நல்லதென்று நாம் படித்த கரட்டீன் நீரில் கரையாது. அது இலையிலேயே நிற்கும். கொழுப்போடு சேர்ந்தால்தான் அது உடலில் நன்றாக உறிஞ்சப்படும். பட்டர் அங்கே ருசிக்கு மட்டும் நிற்கவில்லை. எங்கள் அம்மாமார் கீரைக்குத் தேங்காய்ப்பால் விட்டதும் இதே வேலையைத்தான் செய்தது.

நிறத்துக்கும் காரணம் உண்டு. இலையின் பச்சையத்துக்கு நடுவில் மகனீசியம் இருக்கிறது. இலை சூடாகும்போது உள்ளிருந்து வெளிப்படும் அமிலம் அந்த மகனீசியத்தை வெளியேற்றினால், பச்சை மங்கி மண்ணிறப் பச்சை ஆகிவிடும். நீர் நிறைய இருந்தால் அமிலம் ஐதாகும். மூடி திறந்திருந்தால் ஆவியோடு ஒரு பகுதி போய்விடும். நேரம் குறைவாயிருந்தால் கெடுவதற்கு அவகாசம் இல்லை. குளிர்நீர் சூட்டை உடனே நிறுத்தும். இந்த நான்கும் சேர்ந்ததுதான் பிரெஞ்சுக் கீரையின் பச்சை. அப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டாலும் பச்சை நிற்கும். ஆனால் இலை கூழாகும், விற்றமின் சீயும் அழியும். நல்ல சமையற்காரர் அதைச் செய்வதில்லை.

பட்டர் விடயத்தில் பிரெஞ்சுக்காரர் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1825இல் சுவை பற்றிப் பெயர்பெற்ற நூலொன்றை வெளியிட்ட பிரியா-சவரன் ஒரு குருவானவரைப் பற்றிச் சொல்கிறார். வெள்ளிக்கிழமை உண்ணும் கீரையை அவருக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையே சமைத்து, நாள்தோறும் அடுப்பில் ஏற்றி, ஒவ்வொரு முறையும் புதிதாகப் பட்டர் சேர்க்க வேண்டுமாம். அந்தக் கீரை எவ்வளவு பட்டரைக் குடித்திருக்கும்! சமைத்த கீரையை நாட்கணக்கில் திரும்பத் திரும்பச் சூடாக்குவது நல்லதல்ல என்று இன்று அறிவோம். கதையை ரசித்துவிட்டு விட்டுவிடுவோம். கொலஸ்ரரோல் மாத்திரை எடுக்கும் எமக்கு ஒரு மேசைக்கரண்டி பட்டரே போதும். பாதி பட்டர், பாதி ஒலிவ் எண்ணெய் என்றும் செய்யலாம்.

எப்பினாரோடு பிரெஞ்சுச் சந்தை முடிந்துவிடுவதில்லை. எங்கள் சந்தைக் கூடைக்குள் வரவேண்டிய இன்னும் சில இலைகளைச் சொல்கிறோம்.

முதலாவது சலாது. நாம் அதைப் பச்சையாகவே அறிவோம். பிரெஞ்சுக்காரர் அதைச் சமைப்பார்கள் என்றால் எங்கள் பிள்ளைகளே நம்புவதில்லை. முழுச் சலாதைக் கழுவி, கொதிநீரில் சில நிமிடம் அவித்து, பிழிந்து, இரண்டாக மடித்து, கரட்டும் வெங்காயமும் வதக்கிய படுக்கைமேல் வைத்து, அரைவாசி மூடும் அளவு இறைச்சி அவித்த சாறோ மரக்கறி அவித்த சாறோ ஊற்றி, மூடி, முக்கால் மணித்தியாலம் மெல்லிய சூட்டில் விடுவார்கள். வெளிப்புறத்து முற்றிய இலைகளும் அதில் மெத்தென்று ஆகும். பச்சைப் பட்டாணியைச் சின்ன வெங்காயம், நறுக்கிய சலாது, பட்டர், ஒரு சிட்டிகைச் சீனி, கொஞ்ச நீரோடு மூடிச் சமைப்பதும் பிரெஞ்சு முறை என்றே பெயர்பெற்றது. அங்கே சலாது தன் நீரை விட்டு பட்டாணியை அவிக்கிறது. கொட்டுவதற்கு ஒரு துளி நீரும் இல்லை. எங்கள் ஆசிரியைக்கு இது பிடிக்கும்.

அடுத்தது "பிளெத்". அகன்ற வெள்ளைத் தண்டும் பெரிய பச்சை இலையும் உள்ள கீரை. பீற்றூட்டின் நெருங்கிய இனம். பார்த்தவுடன் தண்டுக்கீரை நினைவு வரும். பிரெஞ்சுப் பெண்கள் தண்டையும் இலையையும் பிரித்து இரண்டு கறியாக்குவார்கள். தண்டின் நாரை உரித்து, துண்டாக வெட்டி, அவித்து, வெள்ளைச் சோஸும் சீஸும் மேலே பரப்பி அவணில் வைப்பார்கள். இலையை எப்பினாரைப் போலச் சமைப்பார்கள். தெற்கே நீஸ் நகரில் இந்த இலையை முந்திரிகை வற்றலோடும் பைன் விதையோடும் மாவுக்குள் வைத்து இனிப்புப் பலகாரமாகவே செய்கிறார்கள். கீரையில் இனிப்பா என்று முகம் சுளித்தவர்களே எங்களில் இரண்டாம் துண்டு கேட்டார்கள்.

"ஒசெய்" என்றொரு புளித்த இலை இருக்கிறது. பட்டரில் போட்டவுடன் உருகிக் குழம்பாகி, பச்சை மாறி மங்கிவிடும். நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்தப் புளிப்பு மீனுக்கு எடுப்பாக இருக்கும். 1960களில் ரோவான் நகரில் த்ருவாக்ரோ சகோதரர்கள் சமன் மீனுக்கு ஒசெய் இலைச் சோஸ் செய்து உலகப் புகழ் பெற்றார்கள். மீனும் புளியும் சேரவேண்டும் என்பதை எங்கள் ஊரில் யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பழப்புளி தீர்ந்த நாளில் இந்த இலையை நினையுங்கள். இதிலும் ஒட்சாலிக் அமிலம் மிக அதிகம். ஆகவே அளவோடு, அலுமினியம் அல்லாத பாத்திரத்தில் சமைக்க வேண்டும்.

பாரிசுக்குத் தெற்கே எசோன் பகுதியில், மெரெவில் என்ற ஊர்ப்பக்கம் ஓடும் ஊற்று நீரில் "கிரெசோன்" வளர்க்கிறார்கள். வட்ட இலை, கடுகைப் போல் உறைப்பு. கடுகும் கோவாவும் முள்ளங்கியும் இதன் உறவுகள். ஒரு கட்டுக் கிரெசோன், இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு லீக்ஸ் போதும். லீக்ஸைப் பட்டரில் வதக்கி, கிழங்கும் ஒரு லீற்றர் நீரும் சேர்த்து அவித்து, கடைசி ஐந்து நிமிடத்தில் இலையைப் போட்டு, கடைந்து, ஒரு கரண்டி கிறீம் விட்டால் சூப். பல்லில்லாதவரும் குடிக்கலாம். அவித்த நீரும் கோப்பைக்குள்ளேயே இருக்கிறது. வாய்க்காலில் தானாக வளர்ந்ததைப் பச்சையாக உண்ணக்கூடாது. அதில் ஈரல் புழு ஒட்டியிருக்கலாம். வளர்த்து விற்பதையே வாங்க வேண்டும்.

இன்னொன்று பணம் கொடுக்காமலே கிடைப்பது. சந்தையில் முள்ளங்கிக் கட்டு வாங்கினால், "இலையை வெட்டிவிடவா?" என்று வியாபாரி கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த இலையில் பிரெஞ்சுக் கிராமத்து வீடுகளில் சூப் வைப்பார்கள். செய்முறை கிரெசோன் சூப்பைப் போன்றதே. முள்ளங்கி இலையை வறை செய்து சாப்பிட்ட எமக்கு இது புதிதா என்ன? பிரெஞ்சுச் சமையல் என்றால் பணக்காரர் மேசை என்று எண்ணுகிறோம். ஆனால் எங்கள் மாடி மூதாட்டி ஒருவர் சொன்ன செய்முறைகள் எல்லாம் சிக்கனத்தில் பிறந்தவை. தண்டு ஒரு கறி, இலை ஒரு கறி, இரண்டும் போக மிஞ்சியது சூப்.

இப்போது நாங்கள் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். எப்பினாரை வாங்கி எங்கள் முறையில் வறை செய்தவர்கள் பலர் ஒரே குறையைச் சொல்வார்கள். நீர் விடுகிறது, குழைகிறது, தேங்காய்ப்பூ ஊறிக் களியாகிவிடுகிறது. பிறகு யாரும் அதை வாங்குவதில்லை. குறை இலையில் இல்லை. அதில் நீர் அதிகம், அவ்வளவுதான். பிரெஞ்சு முறையின் முதல் அடுப்பு இந்தக் குறையை நீக்குகிறது. அவித்து, குளிரவைத்து, நன்றாகப் பிழிந்து கொத்திய எப்பினாரைத் தாச்சிக்குக் கொண்டுவாருங்கள். அங்கே பட்டருக்குப் பதிலாக நல்லெண்ணெய். கடுகு, சீரகம், செத்தல்மிளகாய், சின்ன வெங்காயம், உள்ளி தாளித்து, கீரையைப் போட்டு இரண்டு நிமிடம் கிளறி, தேங்காய்ப்பூவைத் தூவி இறக்குங்கள். உதிரியான, பச்சை மாறாத வறை வரும். பிளெத் இலையிலும் இப்படியே செய்யலாம். பருப்போடு கடைந்தாலும் நன்றாக இருக்கும். முதல் அடுப்பு பிரெஞ்சுக்காரருடையது, இரண்டாம் அடுப்பு எங்களுடையது. இந்தச் சேர்க்கைதான் எங்கள் கூட்டுச் சமையலில் எல்லோருக்கும் பிடித்துப் போனது.

எல்லா இலைக்கும் இந்த முறை பொருந்தாது. முருங்கையிலையை அவித்துப் பிழிந்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. வல்லாரை சம்பலுக்கே உரியது. கோவாவை வெட்டி வறுத்தாலே போதும். நீர் நிறைந்த, மென்மையான இலைக்கே இரண்டு அடுப்பு.

தனியாக வாழும் அக்காமாருக்கு ஒரு வசதியும் சொல்லவேண்டும். ஒரு கிலோ எப்பினாரை ஒரே தடவையில் அவித்துப் பிழிந்து நான்கு உருண்டையாக்கி, தனித்தனிப் பையில் போட்டு உறைகுளிரில் வைத்துவிடலாம். ஒரு நாளைக்கு ஓர் உருண்டை. அதுவும் முடியாதென்றால், கடையில் விற்கும் உறைகுளிர் எப்பினார் ஏற்கெனவே அவிக்கப்பட்டதுதான். உருகவிட்டு, பிழிந்து, நேரே இரண்டாம் அடுப்புக்குக் கொண்டு போகலாம். ஓர் எச்சரிக்கையும் உண்டு. இரத்தம் உறையாதிருக்க வார்பரின் வகை மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையிலுள்ள விற்றமின் கே அந்த மாத்திரையின் வேலையை மாற்றும். வைத்தியரோடு பேசி ஒரே அளவாக உண்ணுங்கள்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரான்சில் பிறந்த எங்கள் பிள்ளைகள் பாடசாலை மதிய உணவில் கிறீம்க் கீரை சாப்பிட்டு வளர்ந்தவர்கள். சிலருக்கு அதில் ஆசை, சிலருக்கு வெறுப்பு. எப்படியிருந்தாலும் கீரை என்றதும் அவர்கள் நாக்கில் வருவது அந்த ருசி. எங்கள் நாக்கில் வருவது தேங்காய்ப்பூ. ஒரே மேசையில் ஒரே இலையின் இரண்டு கறி இருந்தால் அவர்கள் இதையும் நாங்கள் அதையும் எடுத்து உண்ணலாம். பேரப்பிள்ளை இரண்டையும் கலந்து உண்ணும். கீரை உரிக்க உட்காரும் பிள்ளையோடு கதைக்கவும் அரை மணித்தியாலம் கிடைக்கும்.

பிரெஞ்சில் ஒரு மரபுத்தொடர் இருக்கிறது. குடும்பத்துக்குக் கொஞ்சம் மேலதிகமாகச் சம்பாதித்து நிலைமையைச் சற்று இலேசாக்கினால், அதைக் "கீரைக்குள் பட்டர் போடுதல்" என்பார்கள். வெறும் கீரை ஏழையின் உணவு. பட்டர் சேர்ந்தால் கொஞ்சம் வசதி. நாங்கள் அந்தத் தொடரை வேலைக்குப் போன இடங்களில்தான் கற்றோம். விடியற்காலை அலுவலகம் துப்புரவு செய்யப் போன பெண்கள், பிள்ளை பார்த்த பெண்கள், தையல் தைத்த பெண்கள், எல்லோரும் அப்படித்தான் தங்கள் வீட்டுக் கீரைக்குள் பட்டர் போட்டார்கள். ஊருக்குப் பணம் அனுப்பியதும், தங்கைமாரைப் படிப்பித்ததும், எமது கல்லூரிக் கட்டடநிதிக்கு மாதம் ஒரு சிறு தொகை ஒதுக்கியதும் அந்தப் பட்டரிலிருந்துதான். இவ்வளவும் செய்த கைகள் இப்போது தங்களுக்கென்று ஒரு பிடி கீரை சமைக்கச் சோம்பக்கூடாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

முடிவாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாம் இன்று பல நாடுகளில் வாழ்கிறோம். ஒவ்வொரு நாட்டுச் சந்தையிலும் நாம் பெயர் தெரியாமல் கடந்து போகும் இலைகள் இருக்கின்றன. உங்கள் ஊர்ச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஓர் இலையைத் தேர்ந்து, அந்நாட்டுப் பெண்கள் அதை எப்படிச் சமைக்கிறார்கள் என்று கேட்டு, நீங்கள் அதை எப்படிச் சமைத்தீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். பாரிஸ் சகோதரிகள் அவற்றைத் தொகுத்துத் தருவோம். மனைப்பொருளியல் அறையில் இன்று படிக்கும் பிள்ளைகளுக்கு அது பயன்படும். நாளை அவர்களில் யார் எந்த நாட்டுக் குசினியில் நிற்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

நூறு வருடங்களாகப் பெண்பிள்ளைகளைத் தலைநிமிர்ந்து நிற்கவும், கிடைத்ததைக் கொண்டு குடும்பத்தைக் காக்கவும் கற்பித்த எமது கல்லூரி அன்னை நீடு வாழ்க.